விமான தூரமும் பயண நேரமும்: கணக்கு எங்கே தவறுகிறது?

இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு இடையே தூரம் 300 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்தால் 36 நிமிடம். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். டிக்கெட்டில் பிழையில்லை, வகுத்த முறையில்தான் பிழை.

அந்த 500 கி.மீ. என்பது மேலே ஏறி முடித்து, சமமாகப் பறக்கும்போது எட்டும் வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. குறுகிய தடத்தில் பயணத்தின் பெரும்பகுதி ஏற்றமும் இறக்கமும்தான். டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரமும் ஓடுபாதையை விட்டு எழும்பும் நேரம் அல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நேரம். வருகை நேரம், மறுமுனையில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நேரம். தரையில் ஊர்ந்து போவதும், ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் இதற்குள் அடக்கம். தோராயக் கணக்குக்கு, தூரத்தை வேகத்தால் வகுத்து வருவதோடு 30 நிமிடம் கூட்டுங்கள். இதே காரணத்தால்தான் மணிக்கு 800 கி.மீ. போகும் ஜெட் விமானமும் 300 கி.மீ. தடத்தில் பெரிதாக நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை.

தூரத்தைக் கணக்கிடுவதிலேயே தவறு நடப்பதும் உண்டு. ஊரின் மையத்திலிருந்து அளக்காமல், விமான நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 பாகை (டிகிரி) 30 கலை (மினிட்) என்பதை 10.30 என்று எழுதிவிடக் கூடாது. 60 கலை சேர்ந்ததுதான் ஒரு பாகை, எனவே 10.50 என்பதே சரி. இந்த ஒரு சறுக்கல் அட்சரேகையில் வந்தால் தூரம் 22 கி.மீ. வரை தப்பும். அலகும் முக்கியம்: கடல் மைல் 1.852 கி.மீ., தரை மைல் 1.609 கி.மீ. விமானத் துறையில் வெறுமனே 'மைல்' என்று சொன்னால் பெரும்பாலும் கடல் மைல்தான்.

இப்படி அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து கிடைக்கும் எண், பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம். விமானம் அப்படியே அந்தக் கோட்டில் போகாது. ஓடுபாதையின் திசை, வான்வழித் தடம், தடை செய்யப்பட்ட வான்பகுதி, மழை மேகம் எல்லாம் பாதையை நீட்டும்.

போக ஆகும் நேரமே திரும்பவும் ஆகும் என்று நினைப்பது அடுத்த தவறு. அதே 500 கி.மீ. வேக விமானத்துக்கு 400 கி.மீ. தடத்தில் மணிக்கு 80 கி.மீ. எதிர்காற்று இருந்தால், தரைவேகம் (தரையை வைத்து அளக்கும் வேகம்) 420 ஆகி, 57 நிமிடம் பிடிக்கும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 580. 41 நிமிடம் போதும். இரண்டையும் கூட்டினால் 98 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 96தான். போகும்போது இழந்ததைக் காற்று திரும்பும்போது முழுவதுமாகத் தருவதில்லை.

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். நேர மண்டலம் மாறும் தடத்தில், வருகையிலிருந்து புறப்பாட்டை அப்படியே கழித்தால் பயண நேரம் கிடைக்காது. இரண்டையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, நேரடி விமானம் இருக்கிறதா என்று பாருங்கள். 250 கி.மீ. தள்ளியிருக்கும் இரண்டு சிறிய நிலையங்களுக்கு இடையே பெரிய நிலையம் ஒன்றில் மாறித்தான் போக வேண்டும் என்றால், அந்த 250-க்குப் பொருளே இல்லை. இரண்டு விமானங்களின் நேரத்தோடு இடைக் காத்திருப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், பெரும்பாலும் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், மாற்று இருக்கை தரும் கடமை பொதுவாக இரண்டாவது நிறுவனத்துக்கு இல்லை.