கண்ணாடியில் சோடியம், பொட்டாசியம்: சுவாலை ஒளிமானியால் அளப்பது எப்படி?

கரைசலைச் சுவாலையில் தெளித்து, எழும் ஒளியைக் கொண்டு தனிமத்தை அளக்கும் கருவிதான் சுவாலை ஒளிமானி. அது கண்ணாடியின் முழுச் சாதகத்தையும் சொல்லாது. போத்தல் கண்ணாடியில் 70 சதவீதத்துக்கு மேலுள்ள சிலிக்கா அதன் கண்ணில் படவே படாது. சோடியமும் (ஒளியின் அலைநீளம் 589 நானோமீற்றர்) பொட்டாசியமும் (766) தான் அதற்குக் கைவந்தவை. கல்சியத்துக்கும் வாசிப்பு வரும். ஆனால் அலுமினியமும் சல்பேற்றும் அதை அமுக்கிவிடுவதால், அதை நம்பி அறிக்கை எழுதாதீர்கள்.

உடைந்த போத்தல் துண்டைக் கழுவி, 110 பாகை செல்சியஸில் உலர்த்தி, அகேற்று உரலில் மாவாக அரையுங்கள். இதற்குப்பின் வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வையே சோடியம்தான்.

0.100 கிராம் தூளைப் பிளாட்டினம் கிண்ணத்தில் இட்டு, சில துளி நீரால் நனைத்து, 1:1 சல்பூரிக் அமிலம் 1 மில்லிலீற்றர், 40% ஐதரோபுளோரிக் அமிலம் 5 மில்லிலீற்றர் சேருங்கள். பியூம் கப்போர்ட்டுக்குள் (நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்புக்குள்) மட்டும், தகுந்த கையுறையோடு, பழகிய ஒருவர் பக்கத்தில் நிற்க, கல்சியம் குளுக்கோனேற்று ஜெல் கையெட்டும் தூரத்தில் இருக்க. ஐதரோபுளோரிக் அமிலம் பட்ட இடம் உடனே எரியாமலும் இருக்கலாம்; அதுதான் ஆபத்து.

பலர் சறுக்குவது அடுத்த கட்டமான சூடாக்கலில். சல்பூரிக் அமிலத்தின் வெண்புகை வந்ததும் சூடாக்குவதை நிறுத்திவிடுவார்கள். ஐதரோபுளோரிக் கொஞ்சம் மிஞ்சினாலும் அது கண்ணாடிக் குடுவையையே அரித்து, அதன் சோடியத்தை உங்கள் கரைசலில் சேர்த்துவிடும். அதனால் ஆறவைத்து, கிண்ணத்தின் ஓரங்களை நீரால் கழுவி, மறுபடியும் அடர்ந்த வெண்புகை வரும்வரை சூடாக்குங்கள். எச்சத்தை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்திலும் வெந்நீரிலும் கரைத்து 100 மில்லிலீற்றராக்குங்கள். பொலிபுரோப்பிலீன் குடுவைதான் நல்லது. தூள் மட்டும் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்த வெற்றுக் கரைசல் ஒன்றும் கட்டாயம்.

உலர்த்திய சோடியம் குளோரைட்டு 2.542 கிராமை 1 லீற்றரில் கரைத்தால் 1000 மி.கி./லீ. சோடியம் கிடைக்கும். அதிலிருந்து 2, 4, 6, 8, 10 மி.கி./லீ. நியமங்களை (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களை) தயாரியுங்கள். மாதிரியில் 5 மில்லிலீற்றரை எடுத்து 100 ஆக்குங்கள். வெற்றுக் கரைசலின் வாசிப்பைக் கழித்தபின் 5.02 மி.கி./லீ. வந்தால்: 5.02 × 20 (ஐதாக்கிய மடங்கு) × 0.1 (லீற்றர்) = 100 மில்லிகிராம் தூளில் 10.04 மில்லிகிராம், அதாவது 10.04% சோடியம். 1.348 ஆல் பெருக்க, 13.5% சோடியம் ஒட்சைட்டு.

பொட்டாசியம் குறைவு, ஐதாக்காமலே வாசியுங்கள். ஆனால் அந்தக் கரைசலில் 100 மி.கி./லீ. சோடியம் இருக்கிறது. அது சுவாலையில் பொட்டாசியம் அயனாவதைத் தடுத்து வாசிப்பை உயர்த்தும். எனவே பொட்டாசிய நியமங்களிலும் அதே அளவு சோடியம் சேருங்கள்.

பின்சேர்க்கை: வெற்றுக் கரைசலின் வாசிப்பு நாளுக்கு நாள் மாறினால், முதலில் யன்னலைப் பாருங்கள். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றோடு உப்பும் உள்ளே வரும். மின்விசிறி சுவாலையை ஆட்டும், அதையும் நிறுத்துங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில், சுவாலைக்குக் காற்றூட்டும் கொம்பிரசரின் நீர்ப்பொறி விரைவில் நிறையும், காலையில் அதை வடித்துவிட்டே சுவாலையைப் பற்றவையுங்கள்.