வேலை செய்வது தூளா, டிகாக்ஷனா?

ஏற்காட்டுக் காப்பித்தூளில் முதல் டிகாக்ஷன் இறங்கியபின் மறுபடி வெந்நீர் ஊற்றினால் நிறம் வரும், சாரம் வராது. சல்பைடு என்ற கந்தகச் சேர்மத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடால் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்துச் சல்பாக்சைடாக மாற்றும் திண்ம வினையூக்கிகளிலும் இதே கதை உண்டு. "அஞ்சு தடவை திரும்பப் பயன்படுத்திட்டேன் சார்" என்று சேலத்தில் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் வந்து நின்றால் நான் கேட்பது ஒன்றுதான்: வேலை செய்தது தூளா, டிகாக்ஷனா? அதாவது, திண்மமா, அதிலிருந்து கரைந்து இறங்கிய உலோகமா?

மாலிப்டினம், வனேடியம், டங்ஸ்டன் போன்ற உலோகங்களை, அவற்றைச் சுமந்திருக்கும் திண்மமான தாங்கியிலிருந்து பெராக்சைடு கரைத்து இழுத்துவிடும். கரைந்த அந்தத் துளியே வினையை நடத்திவிடலாம். வினை பாதியில் இருக்கும்போதே சூட்டோடு வடிகட்டி, வடிநீரை அதே சூட்டில் தொடர்ந்து கலக்கிப் பாருங்கள். வினையூக்கி போடாத குடுவையை விட வேகமாக மாற்றம் நடந்தால் உலோகம் கரைந்திருக்கிறது. பலர் குடுவை ஆறட்டும் என்று டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். ஆறும்போது கரைந்த உலோகம் திண்மத்திலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்; சோதனை பொய்யாகத் தேறிவிடும்.

அடுத்தது நேரக் கணக்கு. ஒரு மணி நேரத்தில் முடிகிற வினையை ஒவ்வொரு சுற்றிலும் நாலு மணி நேரம் ஓட்டினால், வினையூக்கி பாதி வலுவை இழந்திருந்தாலும் 100 சதவீதம்தான் காட்டும். முதல் பத்து நிமிடத்தில் எவ்வளவு மாறியது என்று ஒப்பிடுங்கள்.

பெராக்சைடைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். 1 மில்லிமோல் சல்பைடுக்கு 30 சதவீதப் பெராக்சைடு சுமார் 0.1 மில்லி போதும். அரை மில்லி ஊற்றிவிட்டு, சல்பாக்சைடு கேட்டால் இன்னொரு ஆக்சிஜனும் ஏறிய சல்போன் வருகிறதே என்று புலம்பிப் பயனில்லை. மே மாத வெயிலில் மேசைமேல் கிடந்த பாட்டில் என்றால், பெர்மாங்கனேட்டால் தரம்பார்த்து, எவ்வளவு வலு மிச்சம் என்று அளந்த பிறகே கணக்குப் போடுங்கள்.

ஒருமுறை ஒரு மாணவர் சேர்வராயன் மலை பாக்சைட்டையே தாங்கியாக்கினார். நம்ம ஊர்க் கல் என்பதில் எனக்கும் ஆசைதான். குடுவை நுரைத்துப் பொங்கியது, அவர் முகமெல்லாம் சிரிப்பு. பொங்கியது ஆக்சிஜன். கல்லைச் சிவப்பாக்கும் இரும்பு ஆக்சைடு பெராக்சைடை வீணாகச் சிதைத்துக்கொண்டிருந்தது. சல்பைடு பெரும்பாலும் அப்படியே கிடந்தது.

அப்புறம், வினையூக்கியைக் கழுவ அசிட்டோனை எடுக்காதீர்கள். மிச்சப் பெராக்சைடும் அமிலத்தன்மையும் சேர்ந்தால் வெடிக்கும் சேர்மம் உருவாகும். எத்தனால் நல்லது. வடிநீரை ஸ்டார்ச்-அயோடைடு தாளில் தொட்டுப் பாருங்கள். தாள் நீலமானால், சோடியம் சல்பைட் போட்டுப் பெராக்சைடைத் தீர்க்கும்வரை கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் ரோட்டாவேப்பர் பக்கமே போகக் கூடாது.