கிட்டார் கம்பி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கற்பவர்கள் அக்கூஸ்டிக் கிட்டாரில் கம்பி மாற்றிக்கொண்டு வரும்போதெல்லாம், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. துருப்பிடித்த கம்பியோடு மாதக்கணக்கில் ஓட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தானாகவே புரிந்துவிடும். கேஜ் (கம்பியின் தடிமன்) விஷயம் அப்படியில்லை. 12 செட் என்றால் இருப்பதிலேயே மெல்லிய முதல் கம்பி 0.012 இன்ச், ஆறாவது பெரும்பாலும் 0.053. 10 செட்டில் 0.010, 0.047. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

சத்தம் வேண்டுமென்று 13 போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதற்குத்தான். கடையில் "தடிமனா போடுங்க, கணீர்னு கேட்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள், பையனும் தன் கிட்டார் எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்காமல் மாட்டிவிடுகிறான். 12 செட்டை முழு சுருதியில் டியூன் செய்தால் ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், 13 செட் என்றால் 80 கிலோவைத் தாண்டும். அந்த இழுவை முழுவதும் மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும், பசையால் ஒட்டிய பிரிட்ஜின் மேல்தான். அப்படி ஒரு மாணவர் கொண்டுவந்த கிட்டாரில் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகினேன், பாதி உள்ளே போய்விட்டது. மேல்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் புடைத்திருந்தது, நெக்கின் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகளிலிருந்து கம்பிகள் எழும்பி, ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் பார் கார்டு பிடிக்கவே முடியவில்லை. பிரிட்ஜைச் சூடாக்கிக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டுவதற்கு ஆகும் செலவில் இன்னொரு ஆரம்பநிலை கிட்டாருக்குப் பாதிப் பணம் சேர்ந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டால் பசை இன்னும் சீக்கிரம் இளகும்.

அமெரிக்க கிட்டார் நிறுவனமான மார்ட்டினுக்கே இந்தத் தலைவலி வந்திருக்கிறது. மேல்பலகைக்கு அடியில் இருக்கும் தாங்கு குச்சிகளைச் செதுக்கி மெலிதாக்குவது அவர்கள் வழக்கம். வாசிப்பவர்கள் கனமான கம்பி போட்டுப் பலகை புடைத்து வர, 1944 இறுதியில் செதுக்குவதையே நிறுத்தினார்கள். 1976-இல் எச்டி-28 மாடலில்தான் அது திரும்பி வந்தது. அவர்களுக்கே அப்படியென்றால், ஆறாயிரம் ரூபாய் கிட்டாரில் 13 எதற்கு? 11 அல்லது 12 போதும். சத்தம் குறைவாக இருந்தால் முதலில் பிக்கை மாற்றிப் பாருங்கள்.

நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி

கூடவே கூடாது.

விரல் வலிக்கு 10 செட்டை நம்புவது

வலிக்குக் காரணம் பெரும்பாலும் ஆக்ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம். 12-வது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்கு அடியில் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், எந்த கேஜ் போட்டாலும் வலிக்கும். கம்பி படிந்திருக்கும் இரண்டு முனைகளையும், அதாவது பிரிட்ஜில் இருக்கும் சேடிலையும் நெக்கின் தலைப்பக்கம் இருக்கும் நட்டையும், சரிசெய்யக் கொடுங்கள். அப்புறம் 12-லிருந்து 10-க்கு இறங்கினால் இழுவை குறைந்து நெக் பின்னால் சாயும், கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். கிட்டார் கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம், நெக்குக்குள் இருக்கும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும்.

எலெக்ட்ரிக் கம்பியை மாட்டுவது

பாக்கெட்டில் "10" என்று மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அந்த செட்டில் மூன்றாவது கம்பி சுற்று இல்லாத வெறும் கம்பி. அக்கூஸ்டிக் சேடில் சுற்றுக்கம்பிக்காகச் செதுக்கப்பட்டது என்பதால், மேல் ஃப்ரெட்களில் அந்தக் கம்பி மட்டும் சுருதி ஏறியே கேட்கும். ஒலியும் மங்கல். வாங்கும்போது பாக்கெட்டில் அக்கூஸ்டிக், பாஸ்பர் பிரான்ஸ் (சுற்றுக்கம்பியின் உலோகம்) என்று இருக்கிறதா பாருங்கள்.