பின்வளவு ஸ்மோக்கர்: பட்டறையில் சொல்லிச் செய்விக்கும்போது விடும் தவறுகள்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் புதிதாக எழும்பும் தங்குமிடங்களில் இப்போது ஒரு ஸ்மோக்கர், அதாவது இறைச்சியைப் புகையிலும் மிதமான சூட்டிலும் வேகவைக்கும் இரும்பு அடுப்பு, நிற்பது வழக்கமாகிவிட்டது. பாலையூற்றிலும் ஒர்ஸ்ஹில்லிலும் வீட்டு வளவுகளுக்குள்ளேயே பார்க்கிறேன். லீவில் வரும் சொந்தக்காரர் யாராவது போனில் வீடியோ காட்டுவார். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நேரே ஒட்டுப் பட்டறைக்குப் போவார்கள். அரைவாசிக் காசு அட்வான்ஸ், சில வாரங்களில் சாமான் கைக்கு வந்துவிடும். முதல் சமையல் முடிந்ததும் எனக்கு அழைப்பு வரும்: "அண்ணா, இறைச்சி கைக்குது, என்ன செய்யலாம்?"

நான் முதலில் செய்வித்த காலத்தில் இதைச் சொல்லித்தர இங்கே ஆளில்லை. அன்று நடந்த அதே பிழைகள் இன்றும் நடப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை. பழைய காஸ் சிலிண்டரை வெட்டக் கூடாது, இரசாயனம் வந்த பரலில் சமைக்கக் கூடாது என்பதெல்லாம் எவருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

ஓஃப்செட் ஸ்மோக்கர் வேலை செய்யும் முறையை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு இருப்பது பக்கத்தில் ஒட்டிய அடுப்புப் பெட்டியில். சூடும் புகையும் அங்கிருந்து இறைச்சி இருக்கும் கூட்டுக்குள் நுழைந்து, அதைக் குறுக்கே கடந்து, மறுமுனைப் புகைபோக்கி வழியாக வெளியேறும். கூட்டுக்குள் 110 முதல் 135 பாகை செல்சியஸ் வரை பல மணித்தியாலம் நிற்க வேண்டும். டெக்சாஸ்காரர்கள் தடித்த இரும்புக் குழாய்களையும் பழைய தாங்கிகளையும் வெட்டி ஒட்டி வளர்த்தெடுத்த அடுப்பு இது.

புகையை உள்ளே அடைத்து வைக்கப் பார்ப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தரும் தவறு இதுதான்.

உப்புவெளியில் சிறிய தங்குமிடம் நடத்தும் ஒரு தம்பி தான் செய்வித்ததைக் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார். 20 அங்குல விட்டம், 4 அடி நீளம், 6 மில்லிமீற்றர் இரும்பு. ஒட்டு வேலை அவ்வளவு சுத்தம், மூடி கையோடு வந்து பொருந்தியது. நல்ல காசு போயிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது. அப்புறம்தான் புகைபோக்கியைக் கவனித்தேன். 2 அங்குலக் குழாய், கேற் வேலையில் மிஞ்சிய துண்டு. அடுப்புப் பெட்டிக்கும் கூட்டுக்கும் இடையில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை.

"ஏன் தம்பி இவ்வளவு சின்னக் குழாய்?"

"பாஸ் சொன்னவர் அண்ணா, புகையெல்லாம் மேல போனா இறைச்சிக்கு என்ன மிஞ்சும் எண்டு."

அந்த பாஸைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்டு பழகியது பாண் போறணை. போறணையில் சூட்டை அடைத்து வைத்தால்தான் பாண் வேகும், அந்த நியாயத்தை இதற்கும் பொருத்திவிட்டார். கேட்பதற்குச் சரியாகவும் படுகிறது. ஆனால் இந்த அடுப்பு நின்றுவிடுவது அந்த இடத்தில்தான்.

விறகு சுவாலை விட்டு எரியக் காற்று வேண்டும். சூடான வாயு புகைபோக்கியில் மேலே ஏறும்போது, அந்த இழுவையில் புதுக் காற்று அடுப்புப் பெட்டிக்குள் வருகிறது. வெளியே போகும் வழியை நெரித்தால் உள்ளே வரும் காற்றும் நின்றுவிடும். அப்போது விறகு எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். எரிந்து தீர வேண்டிய தாரும் பிசினும் வெள்ளைப் புகையாகக் கூட்டுக்குள் போய், குளிர்ந்த இறைச்சியின் மேல் படியும். கைப்பு அங்கிருந்துதான் வருகிறது. அந்தத் தம்பியின் மூடிக்கு உட்பக்கம் விரலை வைத்துப் பார்த்தேன். கறுப்பாக, பளபளவென்று, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சவர்க்காரம் போட்டும் அந்த மணம் லேசில் போகவில்லை. அதே பூச்சுத்தான் அவர் வைத்த கோழியின் தோலிலும். ஒரு வாய் கடித்தால் நாக்கு விறைக்கும். புகை போக வழியில்லாமல் அடுப்புப் பெட்டியின் கதவிடுக்கால் வந்ததில், சாப்பிட வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பிப் போயிருக்கிறார்கள்.

நல்ல சுவை தரும் புகை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. புகைபோக்கியின் வாயில் மெல்லிய நீலமும், வெயிலில் தார் ரோட்டுக்கு மேல் தெரிவதுபோன்ற ஒரு நெளிவும்தான் இருக்கும். வெள்ளை வெள்ளையாகக் குமுறிக்கொண்டு வந்தால் இறைச்சியை உள்ளே வைக்காதீர்கள்.

குழாயின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் வாய் எவ்வளவு பெரிதாகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 2 அங்குலத்தை 5 அங்குலமாக்கினால் வழி 6 மடங்குக்கும் மேல் பெரிதாகும். அந்தத் தம்பியின் கூட்டுக்கு 5 முதல் 6 அங்குலக் குழாய், ஏறத்தாழ 3 அடி உயரத்துக்கு வேண்டும். அது அடுப்புப் பெட்டிக்கு எதிர்முனையில், இறைச்சித் தட்டின் மட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். கூட்டின் உச்சியில் ஓட்டை போட்டால் சூடு மேலோடு ஓடித் தப்பிவிடும், இறைச்சிக்குக் கிடைக்காது. பெட்டிக்கும் கூட்டுக்கும் இடையிலான வாய் குழாயின் வாயைவிடச் சிறிதாக ஒருபோதும் இருக்கக் கூடாது, பெரிதாக இருப்பது நல்லது. அடுப்புப் பெட்டியின் கொள்ளளவு கூட்டின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கட்டும். புகைபோக்கிக்கு மூடித் தகடு வைத்தாலும் சமைக்கும்போது அதைத் திறந்தே விடுங்கள். சூட்டைக் கூட்டிக் குறைப்பது விறகின் அளவாலும் காற்று நுழையும் அடுப்பு வாசலாலும்தான்.

அடுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துச் சமாளிக்கலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். முடியாது, காற்று போக இடமில்லாத கூட்டுக்குள் வரவும் வராது. கடைசியில், இருநூறு கிலோவை நெருங்கும் அந்த இரும்பை லொறியில் ஏற்றி மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோய், 6 மில்லிமீற்றர் தகட்டை இரண்டு இடத்தில் வெட்டி, புதுக் குழாய் ஒட்டி, எரிந்த பெயின்றைச் சுரண்டித் திரும்ப அடித்தார்கள். ஆரம்பத்திலேயே சரியான குழாய் வைத்திருந்தால் செலவில் பெரிய வித்தியாசம் வந்திராது. தவிர்த்திருக்கக்கூடிய இந்தச் செலவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே மிச்சக் காசைக் கொடுக்கும் முன் பட்டறையிலேயே ஒருமுறை நெருப்பு மூட்டிப் பாருங்கள். நன்றாகப் பிடித்து எரிந்ததும், புகையும் ஊதுபத்தி ஒன்றை அடுப்பு வாசலில் பிடியுங்கள். அதன் புகை உள்ளே இழுபட்டுப் போக வேண்டும். தயங்கி நின்றாலோ உங்கள் பக்கம் திரும்பினாலோ வண்டியில் ஏற்றாதீர்கள்.

தகட்டில் மிச்சம் பிடிப்பது

8க்கு 4 அடி, 6 மில்லிமீற்றர் தகடு ஒன்று ஏறத்தாழ 140 கிலோ, 3 மில்லிமீற்றர் என்றால் அதில் பாதி. விலை வித்தியாசத்தைக் கேட்டதும் பலரும் மெல்லியதற்கு இறங்கிவிடுகிறார்கள். மெல்லிய தகடு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கச்சான் காற்று அடிக்கும் ஒரு பின்னேரத்தில் அதை ஒரே சூட்டில் பிடித்து வைக்க நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்க வேண்டிவரும். நெருப்பு நேராகப் படும் அடுப்புப் பெட்டி நெளிந்து, கதவு பொருந்தாமல் போகும். காசு குறைவென்றால் ஸ்மோக்கரைச் சிறிதாக்குங்கள், தகட்டை மெல்லியதாக்காதீர்கள். அதுவும் முடியாவிட்டால் அடுப்புப் பெட்டியையாவது 6 மில்லிமீற்றரில் செய்வியுங்கள்.

துருவுக்குப் பயந்து ஜீ.ஐ. கேட்பது

கடற்கரை ஊர் என்பதால் எல்லோருக்கும் வரும் யோசனை. வேண்டாம். ஜீ.ஐ. தகட்டின் மேல் பூச்சு நாகம் (சிங்க்). ஒட்டும்போதும், அடுப்புப் பெட்டியின் கடும் சூட்டிலும் அதிலிருந்து வரும் ஆவியைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். சாதாரண கறுப்பு இரும்புதான் இதற்கு. உள்ளே பெயின்ற் அடிக்காமல் சமையல் எண்ணெய் பூசி, முதல் தடவை வெறுமனே சில மணித்தியாலம் எரியவிடுங்கள். வெளியே சூடு தாங்கும் பெயின்ற். உப்புக் காற்றை விடக் கெடுதல் செய்வது அள்ளாமல் விட்ட சாம்பல்: ஈரத்தை இழுத்து வைத்து அடித்தகட்டைத் தின்றுவிடும். ஆறியதும் அள்ளிவிடுங்கள்.

மூடியை ஒரேயடியாக வெட்டி எடுப்பது

குழாயிலிருந்து மூடியை வெட்டியதும் இரும்பு தன் இழுவை விட்டு விரியும், பிறகு பொருந்தாது. மேல்விளிம்பை மட்டும் வெட்டி, பிணைச்சலை ஒட்டிவிட்டு, மற்றப் பக்கங்களை வெட்டச் சொல்லுங்கள்.

மூடியின் உச்சியில் வெப்பமானி

இறைச்சி இருப்பது கீழே. தட்டின் மட்டத்தில் வையுங்கள்.

சின்னச் சக்கரம்

மணலில் புதையும். கொங்கிறீற் போட்டு நிரந்தரமாக நிறுத்துவதே நல்லது.

காற்றுப் பார்க்காமல் நிறுத்துவது

ஆனி, ஆடியில் மேற்கே இருந்து கச்சான், மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வாடை. அடுப்பு வாசல் நேரே காற்றைப் பார்த்தால் நெருப்புக் கட்டுக்கடங்காது, புகைபோக்கிப் பக்கம் காற்று அடித்தால் புகை திரும்பி வரும். ஸ்மோக்கரின் நீளப் பக்கம் காற்றுக்குக் குறுக்கே நிற்கும்படி வைத்து, அந்தப் பக்கம் ஒரு மதிலோ தகர மறைப்போ கொடுத்தால் இரண்டு காலத்துக்கும் சமாளிக்கலாம். கிடுகு வேலிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

விறகை மறந்துவிடுவது

இரும்புக்கு இவ்வளவு செலவழித்தவர்கள் விறகை அன்று காலையில்தான் தேடுகிறார்கள். புளி, கொய்யா, மா எதுவானாலும் பிளந்து மாதக் கணக்கில் காய வேண்டும். மணிக்கட்டு மொத்தம், ஓரடி நீளம் போதும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம். ஐப்பசிக்கு முன் கூரைக்குக் கீழே அடுக்கிவிடுங்கள். வள்ளம் உடைத்த பலகை, பெயின்ற் பட்ட மரம் ஒன்றும் கூடாது. புகை கூடும் என்று விறகைத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கமும் வேண்டாம்: கூடப்போவது இறைச்சியைக் கைக்க வைக்கும் அந்த வெள்ளைப் புகைதான்.