பெயரில்லாத பூட்டுப் பொத்தானுக்கு டாக்பேக்கில் பெயர் வைத்தது

ஸ்மார்ட் பூட்டின் செயலியில் பூட்ட ஒரு பொத்தான், திறக்க ஒன்று. திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் ஆண்ட்ராய்டு வசதியான டாக்பேக் இரண்டையுமே ‘பெயரில்லாத பொத்தான்’ என்றுதான் வாசித்தது. பார்வையற்றவருக்கு இது சின்னக் குறை இல்லை, வீட்டுப் பாதுகாப்பே இதில்தான்.

முதலில் கதவை விரியத் திறந்துவைத்து, ஒவ்வொரு பொத்தானையும் இருமுறை தட்டி, தாழ்ப்பாள் வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று தொட்டு உறுதிசெய்தேன். பிறகு டாக்பேக்கின் கவனத்தைப் பொத்தானில் நிறுத்தி, மூன்று விரலால் ஒருமுறை தட்டி, டாக்பேக் மெனுவில் லேபிள் சேர்த்தேன்: ‘பூட்டு’, ‘திற’.

செயலியை எழுதியவர் பொத்தானுக்கு ஐடி (நிரலில் அதை அடையாளம் காட்டும் குறியீடு) தராமல் விட்டிருந்தால் லேபிள் சேர்க்க முடியாது. அப்டேட்டில் ஐடி மாறினாலும் லேபிள் போய்விடும்; அதனால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பின்னும் சோதிக்கிறேன். பொத்தானின் பெயரைச் சொல்லும் ‘கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்’ என்ற ஒரே ஒரு வரியை நிரலில் அவர் எழுதியிருந்தால் இத்தனை பாடு இல்லை. அதையே தயாரிப்பாளருக்கும் எழுதினேன்.

செயலியில் பின் (PIN) எண் அடிக்கும்போது பிறர் கேட்காமல் இருக்க ஒரு காதில் இயர்போன், பார்க்காமல் இருக்க டாக்பேக் மெனுவில் ‘திரையை மறை’.