விதுயி: பாவ அறிக்கை ஜெபத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூதர்களின் பாவ அறிக்கை ஜெபத்துக்கு விதுயி என்று பெயர். பாவப் பரிகார நாளான யோம் கிப்பூர் அன்று, முதல் நாள் மாலை தொடங்கி மறுநாள் மாலைக்குள் அதை 10 முறை சொல்வது மரபு. இத்தனை முறை சொல்வதால், சொன்னாலே கணக்கு தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய தவறு அதுதான்.

கடவுளுக்கு எதிரான பாவத்துக்கு அந்த நாள் பரிகாரம் தரும். சக மனிதருக்கு இழைத்த தீங்குக்கு, அவரைச் சமாதானப்படுத்தும் வரை தராது என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. அப்படியென்றால், பிடுங்கிய பணத்தை முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்புறம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் மூன்று பேரை அழைத்துக்கொண்டு மறுபடி போகவேண்டும். அதற்கும் இறங்கி வராவிட்டால் இரண்டாவது, மூன்றாவது முறையும். புண்பட்டவர் உங்கள் குருவாக இருந்தால் ஆயிரம் தடவையானாலும் போகத்தான் வேண்டும் என்கிறார் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ். புண்பட்டவர் இறந்துவிட்டால்? பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், இவருக்கு இன்னது செய்தேன் என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். கடன் பாக்கி இருந்தால் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். இவ்வளவு கறாராக இருப்பதுதான் இந்த மரபின் பெருமை என்பேன்.

பாவத்தை விடாமல் அறிக்கை மட்டும் செய்வதும் வீண். தீட்டான பல்லியைக் கையில் பிடித்தபடியே தீட்டுக் கழிக்க முழுக்குப் போடுவது போல என்கிறது மிஷ்னாவை விளக்கும் நூலான தல்மூத்.

“நான் திருடவே இல்லையே” என்று அந்த வரியை விட்டுவிடுவது அடுத்த தவறு. விதுயியில் எபிரேய அகர வரிசையில் ஓடும் அஷம்னு என்ற பாவப் பட்டியல், திருடினோம், பொய் சொன்னோம் என்று சமூகம் முழுவதற்குமாகப் பேசுகிறது. உங்கள் பங்கு இல்லாத வரியையும் மற்றவர்களோடு நின்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நெஞ்சில் மெல்லத் தட்டினால் போதும்; ஓங்கிக் குத்த வேண்டியதில்லை. மன்னிப்பு வழங்க ரப்பியை, அதாவது யூத மதகுருவை, தேடவும் வேண்டாம். இது நேரே கடவுளிடம் சொல்வது.

மரணப் படுக்கையிலும் விதுயி உண்டு. சொன்னால் உயிர் போய்விடும் என்று பயந்து தள்ளிப்போடக் கூடாது. “சொன்ன பலர் பிழைத்தார்கள், சொல்லாத பலர் இறந்தார்கள்” என்று நோயாளிக்குத் தைரியம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். வாய் பேச முடியாதவர் மனதுக்குள் சொல்லலாம். அழுது அவர் மனதை உடைத்துவிடக் கூடியவர்களை மட்டும் அந்த நேரத்தில் வெளியே இருக்கச் சொல்லிவிட வேண்டும்.