பெங்களூரு வேலையா? சம்பளத்தை மட்டும் பார்க்காதீங்க

கோவை, மதுரையிலிருந்து பெங்களூரு போகிறவர்கள் வாடகையை மட்டும் ஒப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் அடி அட்வான்ஸில்தான் விழும். தமிழ்நாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை வீட்டு அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக்கூடாது (யார் கேட்கிறார்கள் என்பது வேறு கதை). பெங்களூரில் 5, 6 மாதம் சாதாரணம், 10 மாதம் கேட்பவர்களும் உண்டு. வாடகை 25,000 என்றால் இரண்டரை லட்சம் வரை முடங்கும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

அடுத்து தண்ணீர். காவேரி இணைப்பா, போர்வெல்லா, டேங்கரா என்று ஓனரிடம் கேட்காதீர்கள், வாட்ச்மேனிடம் கேளுங்கள். 2024 கோடையில் அங்கே தண்ணீருக்குப் பட்ட பாடு ஊரறிந்தது. டேங்கர் என்றால் மெயின்டனன்ஸ் எகிறும்.

காரைக் கொண்டு போனால், 12 மாதத்துக்கு மேல் அங்கேயே ஓட்ட மறுபதிவும் கர்நாடக சாலை வரியும் உண்டு. பெண்களுக்கு அங்கும் பஸ் இலவசம்தான், ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும்.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். செவ்வாய், புதன் மாலை 6 மணிக்கு ஆபீஸ் வாசலிலிருந்து அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னல் வழியில் வந்தால் வாடகை குறைந்த வீடும் எனக்கு வேண்டாம்.